பதினான்கு சாக்கு பானை ஓடு: எதை வைத்துக்கொள்வது, எதை மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பது?

வைகைக்கரை டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நடத்துகிறேன். கீழடி எங்களுக்குப் பக்கம் என்பதால் பிள்ளைகளுக்கு ஓடு பொறுக்குவதில் தனி ஆர்வம்.

2017 கோடையில் ஊர்க் கண்மாயைத் தூர் வாரினார்கள். வண்டல் மண்ணை டிராக்டரில் அள்ளி வயல்களுக்கு அடித்தார்கள். அந்த மண்ணோடு ஓடுகளும் வந்தன. நாங்கள் எங்கேயும் தோண்டவில்லை. வயலில் கொட்டிக் கிடந்ததைத்தான் பொறுக்கினோம். அதற்குப் பின்பும் ஒவ்வொரு வருடமும் உழவுக்குப் பிறகு பிள்ளைகள் கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் கருப்பு சிவப்பு ஓடு, சாதா சிவப்பு ஓடு. இரண்டு தக்களி, நாற்பதுக்கு மேல் வட்டச் சில்லு, உறைகிணற்று வளையத்தில் பாதி, ஒரு தாழியின் வாய் விளிம்பு (அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்), ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய துருப்பிடித்த இரும்புத் துண்டு. மொத்தம் பதினான்கு சிமெண்டு சாக்கு. எல்லாம் அறிவியல் ஆய்வகத்தின் பக்கத்து அறையில் கிடக்கின்றன.

இப்போது அந்த அறை ஸ்மார்ட் வகுப்பறையாகப் போகிறது. ஜூன் மாதத்துக்குள் காலி செய்து தரும்படி தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். அவர் மேல் குறை சொல்ல முடியாது, பிள்ளைகளுக்கு வகுப்பறையும் வேண்டும்.

ஒரு அருங்காட்சியகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் என்னை உள்ளே இருப்பறைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கால் வைக்க இடமில்லை. மரப் பெட்டி மேல் பெட்டி, அதன் மேல் சாக்கு, சாக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கல் நந்தி. "இதுக்கு மேலே உங்க ஓட்டை நான் எங்கேம்மா வைப்பேன்?" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை.

இதில் எதை அவசியம் வைத்துக்கொள்ள வேண்டும்? மீதியை மறுபடி மண்ணில் புதைப்பது தவறா? எட்டு வருடமாகப் பிள்ளைகள் சுமந்து வந்ததைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கண்மாய்க்காரன்:

டீச்சர், கீழடி அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடலாமே? 2023 மார்ச் 5 அன்று திறந்தார்கள். இரண்டு ஏக்கர், பதினெட்டு கோடி ரூபாய்க்கு மேல் செலவு, செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டிடம். அவ்வளவு பெரிய இடத்தில் பதினான்கு சாக்குக்கா இடம் இருக்காது?

---

ஓட்டுமுற்றம்:

தம்பி கண்மாய்க்காரன், உங்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் அது கீழடியில் கிடைத்ததைக் காட்டக் கட்டியது. அங்கேயே வருடா வருடம் குழி போடுகிறார்கள், வருடா வருடம் பொருள் சேர்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளிகள் எல்லாம் சாக்கைக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களும் அந்த நந்தி பக்கத்தில்தான் அடுக்க வேண்டியிருக்கும்.

டீச்சர், நான் முப்பத்தோரு வருடம் இதே வேலையில் இருந்தவன். முதலில் அகழாய்வுக் குழியில் தினக்கூலி, அப்புறம் ஓட்டு முற்றம் (குழியில் எடுத்த ஓட்டைப் பரப்பிப் பிரிக்கும் இடம்), கடைசியில் ஒரு அருங்காட்சியகத்தின் இருப்பறை. ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. நீங்கள் சாக்கு என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ஈரச் சணல் வாடை வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தில் மக்கள் பார்ப்பது கொஞ்சம், உள்ளே இருப்பது ஏராளம். கீழடியில் 2018இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் 5,820 தொல்பொருள்கள் என்று செய்தியில் படித்திருப்பீர்கள். குழியிலிருந்து மூட்டை மூட்டையாக ஏறி வருகிற சாதா ஓடு ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில் வராது. ஆனால் இருப்பறையில் இடத்தை அடைப்பது ஓடுதான். தங்கம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். மணிகள் ஒரு டிபன் பாக்ஸில் அடங்கும். ஒரே ஒரு தாழி ஒரு பீரோவின் இடத்தைப் பிடிக்கும்.

கீழடிப் பொருள்களை மைசூருக்குக் கொண்டுபோவதா கூடாதா என்று 2016இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போனதே, அதையும் இடப் பிரச்சினையாகப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றும். இங்கேயே வைக்க ஒழுங்கான இடம் முன்பே இருந்திருந்தால் அவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதை வைப்பது, எதை விடுவது என்பதைப் பொருளின் அழகை வைத்தோ அளவை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். அது எங்கே கிடைத்தது என்று தெரியுமா? முதல் கேள்வி அதுதான்.

நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) இருப்பறை தரைத்தளத்தில் இருந்தது. ஒரு நவம்பர் மாதம், இரண்டு நாள் விடாத மழை. காலையில் கதவைத் திறந்தால் முழங்கால் அளவு தண்ணீர். அறுபத்து மூன்று சாக்கு நனைந்துவிட்டது. ஒவ்வொன்றின் உள்ளேயும் நோட்டுத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய சீட்டு: ஊர், குழி எண், கால்பகுதி, மண்ணடுக்கு, ஆழம், தேதி. தண்ணீரை இறைத்து, சாக்கைப் பிரித்து மொட்டை மாடியில் கொட்டினோம். ஓடு ஒன்றுகூடக் கெடவில்லை. இரண்டாயிரம் வருடம் ஈர மண்ணில் கிடந்த ஓட்டைத் தண்ணீர் என்ன செய்யும்? போனது சீட்டுதான். நீலச் சாயமாகக் கரைந்து, விரலால் எடுத்தால் கூழாக வந்தது. அந்த அறுபத்து மூன்று சாக்கு ஓடும் அன்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கின்றன. அவற்றை வைத்து யாரும் ஒரு வரி எழுத முடியாது. நான் மூன்று வருடம் வெயிலில் நின்று அடுக்கு அடுக்காகப் பிரித்த ஓடும் அதில் இருந்தது. இன்றைக்கும் ஐப்பசி மழை பிடித்தால் எனக்கு அந்த மொட்டை மாடிதான் ஞாபகம் வரும்.

அதனால் டீச்சர், சாக்கைப் பிரிக்கும் முன்பு பிள்ளைகளை உட்கார வைத்து ஒவ்வொரு சாக்கும் எந்த வயல், எந்த வருடம் என்று கேட்டு எழுதுங்கள். படித்து முடித்துப் போன பிள்ளைகளையும் தேடிக் கேளுங்கள். இடம் தெரிந்த சாக்கு ஒரு பக்கம், தெரியாதது ஒரு பக்கம். இந்தப் பிரிப்பு முடிந்தாலே பாதி பாரம் குறைந்துவிடும்.

உங்களுடையது கண்மாய் மண்ணோடு கலைந்து வந்தது, அதற்கு அடுக்கு கிடையாது. அதனால் அகழாய்வு ஓட்டுக்குள்ள மதிப்பு இதற்கு வராது. ஆனால் இந்தக் கண்மாயின் இந்தப் பக்கத்தில் இந்தக் காலத்து மக்கள் இருந்தார்கள் என்று சொல்ல அது போதும். நாளைக்கு யாராவது எங்கே குழி போடலாம் என்று தேடி வரும்போது உங்கள் பதிவேடுதான் அவர்களுக்கு வழி காட்டும்.

பிரிக்கும் முறை இது. இடம் தெரிந்த சாக்கை ஒவ்வொன்றாகத் தரையில் கொட்டுங்கள். இரண்டு சாக்கை ஒரே நேரத்தில் கொட்ட வேண்டாம், கலந்துவிடும். வாய் விளிம்பு, அடிப்பகுதி, மூக்கு, கைப்பிடி, கீறல் குறியீடோ எழுத்தோ உள்ளது, அலங்காரம் உள்ளது, இவை எல்லாம் வைத்துக்கொள்ள வேண்டியவை. விளிம்பின் வளைவை வைத்துப் பானையின் முழு வடிவத்தையும் வரைந்துவிடலாம், அதனால்தான் அதற்கு முதலிடம். சாதா உடல் ஓட்டை நிறவாரியாக எண்ணி, எடை போட்டு எழுதுங்கள். மளிகைக் கடைத் தராசு போதும். நாங்கள் முற்றத்தில் இதைத்தான் செய்தோம். தரையில் கயிற்றால் கட்டம் கட்டி, ஒரு கட்டத்துக்கு ஒரு குழியின் ஓர் அடுக்கு. எண்ணி எழுதி முடித்த சாதா ஓட்டை அந்த இடத்திலேயே குழி வெட்டிப் புதைப்பது நான் வேலை பார்த்த குழிகளில் வழக்கம். ஆக, புதைப்பது பாவமில்லை. எழுதாமல் புதைப்பதுதான் பாவம்.

சிமெண்டு சாக்கை விட்டுவிடுங்கள், வெயில் பட்டால் நூல் நூலாக உதிரும். சந்தையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் டிரே வாங்குங்கள். காற்றுப் போகும், ஒன்றின் மேல் ஒன்று நிற்கும், எலி குடித்தனம் செய்யாது. நிறைய ரொப்பாதீர்கள், ஒரு பிள்ளை தூக்கும் எடைதான் கணக்கு. கீழ் டிரேயை செங்கல் மேல் வையுங்கள், தரையில் வேண்டாம். ஒவ்வொரு வயலின் ஓட்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பையில் நாலு துளை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். சீட்டு இரண்டு: ஒன்று பைக்குள், ஒன்று வெளியே. பென்சிலால் எழுதுங்கள். பென்சில் எழுத்து தண்ணீருக்கு அசையாது, வருடங்களுக்கும் அசையாது. ரப்பர் பேண்டு போடவே போடாதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு இரண்டு வருடத்தில் உருகி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டின் மேலேயே எண் எழுத நிறையப் பேர் நெயில் பாலிஷ் தடவி அதன் மேல் எழுதுவார்கள். வேண்டாம். அது நாளானால் பழுத்து உரியும், எண்ணும் அதோடு போகும். பாரலாய்டு பி-72 என்று ஒரு பிசின் இருக்கிறது, அசிட்டோனில் கரைத்து உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து அதன் மேல் இந்தியன் இங்க்கில் எழுத வேண்டும். கீறல் இருக்கிற பக்கம் எழுதக் கூடாது.

அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை இன்றைக்கே திறங்கள். இரும்புதான் எல்லாவற்றையும்விட அவசரம். ஈரக் காற்று பட்டால் செதில் செதிலாகப் பெயர்ந்து பொடியாகிவிடும். இறுக்கி மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பாக மாறினால் அது ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். மிதமான தணலில் வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், அந்த நீலச் சாயம் நல்லதல்ல. பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள். செம்பு ஏதாவது இருந்து அதில் வெளிர் பச்சையாகப் பொடி பூத்திருந்தால் உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே இதற்கென்று ரசாயனக் கூடம் தொடங்கினார்கள், பரமசிவன் அவர்கள் காலத்தில். அப்படி ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது நம் அதிர்ஷ்டம்.

கடைசியாக ஒன்று. வட்டாட்சியருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள், படங்களோடு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைக்கிற, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டுக்கு யாரும் விலை போட மாட்டார்கள், ஆனால் நாளைக்குக் காசோ மணியோ கிடைத்தால் உங்கள் பெயரில் முன்பே ஒரு கடிதம் இருப்பது நல்லது. அவர்கள் பதில் சொல்லும் வரை எதையும் புதைக்க வேண்டாம்.

---

தாழிக்காடு:

ஓட்டுமுற்றம் ஐயாவுக்கு வணக்கம். நான் தொல்லியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவள், ஆனாலும் உடல் ஓடு பற்றி மட்டும் மாறுபடுகிறேன்.

என் ஆய்வே பானைக்குள் என்ன சமைத்தார்கள் என்பதுதான். எண்ணெயும் கொழுப்பும் சுவருக்குள் ஊறி ஆயிரக்கணக்கான வருடம் இருக்கும். அதை எடுத்துப் பார்க்கக் கழுவாத ஓடு வேண்டும். மண் எந்த ஊர் மண் என்று பார்க்க ஓட்டை மெல்லிய சீவலாக அறுக்க வேண்டும். எழுத்து உள்ள விளிம்பை அறுக்க யாராவது சம்மதிப்பார்களா? சாதா ஓட்டைத்தான் அறுக்க முடியும். ஒரு பழைய தொகுப்பைத் தேடிப் போனேன். அழகாக எண் எழுதிய விளிம்புகள் மட்டும் இருந்தன. எல்லாம் சுத்தமாகக் கழுவியவை. மீதி எங்கே என்றால், புதைத்தாயிற்று, எங்கே புதைத்தோம் என்று குறிப்பு இல்லை. எட்டு மாத வேலை அங்கேயே நின்றது.

எது தேவைப்படும் என்று நமக்கு இன்று தெரியாது. அதுதான் என் கவலை. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899இலிருந்து 1905 வரை எடுத்த மண்டையோடுகள் எழும்பூரில் கிடந்தன. 1930இல்தான் ஸக்கர்மேன் என்ற உடற்கூற்றியல் அறிஞர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். இடையில் யாராவது "எலும்புதானே, இடத்தை அடைக்கிறது" என்று ஒதுக்கியிருந்தால்? கீழடியில் பொதுயுகத்துக்கு முன் (கி.மு.) 580 என்ற காலக்கணிப்பைக் கொடுத்தது 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு. டெக்கான் கல்லூரிக்கு அனுப்பிய எழுபது எலும்புத் துண்டுகளில்தான் மாடு, எருமை, ஆடு, மயில், காட்டுப்பன்றி எல்லாம் தெரிய வந்தன. சிவகளைத் தாழியில் இருந்த நெல்லுக்குப் பொதுயுகத்துக்கு முன் 1155 என்று காலம் கிடைத்தது. கரி, உடைந்த எலும்பு, தாழிக்குள் இருந்த மண். இருப்பறையில் இடமில்லை என்றால் முதலில் வெளியே போவது இவைதான்.

டீச்சர், ஒவ்வொரு வயலிலிருந்தும் ஒரு பை சாதா ஓட்டைக் கழுவாமல், தேர்ந்தெடுக்காமல், கைக்கு வந்ததை அப்படியே எடுத்து வையுங்கள். நல்லதாகப் பார்த்து எடுத்தால் அது மாதிரி ஆகாது. அந்தத் தாழி விளிம்பில் உள்பக்கம் மண் ஒட்டியிருந்தால் சுரண்டாதீர்கள், தயவுசெய்து.

---

ஹாக்னிவாசி:

இருபது வருடமாக லண்டனில் இருக்கிறேன், சொந்த ஊர் மானாமதுரை. வேலை வேறு, ஆனால் கொஞ்ச காலம் சனிக்கிழமைகளில் இங்குள்ள லண்டன் அருங்காட்சியகத்தின் தொல்லியல் இருப்பகத்தில் தன்னார்வலராகப் போனேன். டீச்சர் எழுதியதைப் படித்ததும் அந்த அறைதான் கண்ணில் வந்தது. இது நம் ஊரின் வறுமை மட்டும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 1990இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். கட்டிடம் கட்டுகிறவர் முதலில் அந்த நிலத்தின் தொல்லியலைக் கவனிக்க வேண்டும், செலவும் அவருடையது. நல்ல விதிதான். அதனால் நகரம் முழுக்கக் குழி. ஆனால் தோண்டக் காசு கொடுத்தவர், எடுத்ததைக் காலாகாலத்துக்கும் வைத்திருக்கக் காசு கொடுக்கவில்லை. லண்டன் இருப்பகம் நகரின் ஹாக்னி பகுதியில் ஒரு பழைய கட்டிடம், உலகிலேயே பெரிய தொல்லியல் இருப்பகம் என்று கின்னஸில் ஏறியது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களின் பொருளும் குறிப்பும் அங்கே சேர்ந்தன. வேறு பல ஊர்களில் அருங்காட்சியகங்கள் "இனி வாங்க மாட்டோம்" என்று கதவைச் சாத்திவிட்டன. தோண்டிய நிறுவனங்களே பெட்டிகளைக் கிடங்கில் வைத்துக் காவல் காக்கின்றன. கேம்பிரிட்ஜ்ஷையர் மாவட்டம் தன் பெட்டிகளைச் செஷையரில் ஓர் உப்புச் சுரங்கத்துக்குள் வைத்திருக்கிறது, தரைக்குக் கீழே நூற்றைம்பது மீட்டர். உப்பு வெட்டி எடுத்த வெற்றிடம், வருடம் முழுக்க ஒரே வெப்பம், ஈரமே இல்லை.

பொருள் பத்திரமாக இருக்கும். ஆனால் ஒரு பள்ளிப் பிள்ளை போய் எட்டிப் பார்க்க முடியுமா? எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. தன் ஊர் மண்ணில் கிடைத்த ஓட்டைத் தன் கையில் வைத்துப் பார்த்த பிள்ளைகள் டீச்சரிடம் இருக்கிறார்கள். அது இங்கே பல ஊர்களுக்கு இல்லாதது.

நான் அங்கே செய்த வேலை ரொம்ப எளிது. 1970களில் கட்டிய பெட்டியைத் திறந்து, பழைய பையை மாற்றி, சீட்டைப் புதிதாக எழுதி, ஒரே அளவுப் பெட்டியில் மறுபடி அடுக்குவது. ஒரே அளவு என்பதுதான் பெரிய விஷயம். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அதே அலமாரியில் எவ்வளவு கூடுதலாகப் பிடிக்கிறது என்று பார்த்தால் நம்ப மாட்டீர்கள். தக்காளி டிரே என்று ஐயா சொன்னது அதே கணக்குத்தான்.

---

ஓட்டுமுற்றம்:

தாழிக்காடு அம்மா, நீங்கள் சொன்னது சரி. எங்கள் காலத்தில் கழுவிப் பளபளவென்று அடுக்குவதுதான் வேலை என்று சொல்லிக் கொடுத்தார்கள். கழுவாத பை ஒன்று என்று நான் எழுதியிருக்க வேண்டும். டீச்சர், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதைத்த இடத்துக்குக் குறிப்பு இல்லாமல் போனது எங்கள் தலைமுறை செய்த தவறு. அதற்காக உங்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன்.

அப்படியானால் எப்படிப் புதைப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். இடத்தைப் போனில் அளந்து அட்சரேகை தீர்க்கரேகையை எழுதுங்கள். பள்ளி வளாகம் போல இனி உழவு படாத இடமாகப் பாருங்கள். குழியின் அடியில் ஒரு வலை விரித்து, வயல்வாரியாகப் பையோடு இறக்கி, ஒவ்வொரு பையிலும் சீட்டு. மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் இந்த வருடத்துக் காசு ஒன்று. ஐம்பது வருடம் கழித்து யாராவது தோண்டினால் இது பழைய குடியிருப்பு அல்ல, பள்ளிக்கூடம் வைத்தது என்று அந்தக் காசு சொல்லிவிடும். இது தூக்கிப் போடுவது அல்ல டீச்சர். வாடகை இல்லாத இருப்பறை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இக்ரோம் என்ற, பண்பாட்டுப் பொருள் பாதுகாப்புக்கான உலக அமைப்பு 2011இல் யுனெஸ்கோவோடு சேர்ந்து உலகம் முழுக்க இருப்பறைகளைப் பற்றிக் கேட்டுப் பார்த்தது. பத்தில் ஆறு பங்கு மோசமான நிலையில் என்று தெரிந்தது. சின்ன அருங்காட்சியகங்களுக்கு அவர்கள் ஒரு முறை வகுத்தார்கள். அதில் எனக்குப் பிடித்த அளவுகோல் ஒன்று: கேட்ட பொருளை மூன்று நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும், அதை எடுக்க இரண்டு பொருளுக்கு மேல் நகர்த்தக் கூடாது. ஓய்வு பெறும் முன் கடைசி இரண்டு வருடம் நானும் இரண்டு உதவியாளர்களும் எங்கள் இருப்பறையை இப்படித்தான் அடுக்கினோம். ஒரு சதுர அடி கூடக் கட்டவில்லை. உடைந்த நாற்காலி, பழைய கண்காட்சிப் பலகை, எப்போதோ வந்த கணினிப் பெட்டி, இதையெல்லாம் வெளியே எடுத்தாலே ஒரு நடைபாதை கிடைத்தது. நீங்கள் பார்த்த அந்த நந்தி பக்கத்திலும் இரண்டு உடைந்த மேசை இருந்திருக்கும், பந்தயம் கட்டுவேன்.

---

வைகைக்கரை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். அதற்குள் நிறைய நடந்துவிட்டது.

இரண்டு சனிக்கிழமை, ஒரு ஞாயிறு. மன்றத்துப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். முதலில் ஐயா சொன்னபடி எதையும் கொட்டாமல் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒன்பது சாக்குக்கு அவர்களே இடம் சொல்லிவிட்டார்கள். மீதி ஐந்து 2017, 2018 காலத்தவை. அந்தப் பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். ஒருவன் இப்போது திருப்பூரில் வேலை செய்கிறான், ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்தான். போன் செய்ததும் பைக்கில் வந்து இறங்கினான். சாக்கைப் பார்த்தவுடனேயே, "டீச்சர், இந்த மூணும் கலிங்குக்குத் தெக்கே எங்க சித்தப்பா வயல்ல எடுத்தது. சாக்கு கட்டின கயித்தைப் பாருங்க, எங்க வீட்டு மாட்டுக் கயிறு" என்றான். இரண்டு சாக்குக்கு மட்டும் கடைசி வரை இடம் தெரியவில்லை. அவற்றைச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் படிக்கத் தனியாக வைத்துவிட்டோம்.

ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தபோது அடியில் பாதி ஏற்கெனவே பொடியாகிவிட்டது. அதைப் பார்த்து ஒரு பெண் பிள்ளை அழுதுவிட்டாள், அவள் கண்டெடுத்தது அது. மீதிப் பதினோரு துண்டு இப்போது சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் இருக்கிறது.

உடல் ஓடு மட்டும் 212 கிலோ. வயலுக்கு ஒரு பை கழுவாமல் எடுத்து வைத்தாயிற்று, தாழிக்காடு அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தாழி விளிம்பில் யாரும் கை வைக்கவில்லை. கீறல் உள்ள ஓடு பதினேழு தேறின, அதில் ஏழு ஓடுகள் எட்டு வருடமாக என் கண்ணிலேயே படாதவை. கழுவியபோதுதான் தெரிந்தது. பாதியில் உடைந்த ஒன்றில் மீன் மாதிரி ஒரு கீறல்.

எல்லாம் சேர்ந்து பத்தொன்பது டிரே. தலைமையாசிரியர் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டே நின்றவர், மாடிப்படிக்கு அடியில் இருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பத்து டிரேக்கு அங்கே இடம் போதும். ஒன்பது சாதா ஓடு, மண்ணுக்குள் போக வேண்டியவை. வட்டாட்சியருக்கும் தொல்லியல் அலுவலருக்கும் கடிதம் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். அனுமதி வந்ததும் வேப்பமரத்துக்குக் கிழக்கே குழி வெட்டலாம் என்று பிள்ளைகள் இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். காசு யார் போடுவது என்று இப்போதே சண்டை.

ஐயா, மூன்று நிமிடக் கணக்கையும் சோதித்தோம். "கலிங்கு தெற்கு, 2018, வட்டச் சில்லு" என்று நான் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒன்றரை நிமிடத்தில் கொண்டுவந்து கையில் வைத்தான்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அந்தப் பாரலாய்டு மதுரையில் எந்தக் கடையில் கிடைக்கும், அசிட்டோனில் எவ்வளவுக்கு எவ்வளவு கரைக்க வேண்டும்?

---

ஓட்டுமுற்றம்:

பத்துக் கிராம் பிசினுக்கு அசிட்டோன் சேர்த்து மொத்தம் நூறு மில்லி, ஒரு இரவு மூடி வைத்தால் கரைந்துவிடும். கண்ணாடி பாட்டில்தான் வேண்டும். தீ பக்கத்தில் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கடையில் தேட வேண்டாம், என்னிடம் கால் கிலோ இருக்கிறது. மீன் கீறல் ஓட்டுக்கு மட்டும் எண் போடாமல் வையுங்கள் டீச்சர், வருகிற சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன்.